போனும் ஒரு பிரதிதான்

எங்கள் பெண்கள் மதரஸாவில் போன மாதம் சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டினார்கள். தொட்டால் எழுதும், தொட்டால் அழிக்கும். பிள்ளைகள் ஓதும்போது தப்பு விட்டால் அந்த இடம் சிவப்பாகிவிடுமாம். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டு முன் வரிசையில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் வாங்கிவிடுவேனோ என்று பயந்தவர்கள்போல் சீக்கிரமே பிரியாணிக்கு அனுப்பிவிட்டார்கள். கை கழுவும் இடத்தில் இளைய உஸ்தாபிகள் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவரை எங்கள் பக்கம் உஸ்தாபி என்போம்.

"போன்ல ஓதிக் குடுத்த ஆளு நீங்கதான. எங்களுக்கு எதுனா எழுதிக் குடுங்களேன். இப்ப பாதிப் புள்ளைக போன்லதான் ஓதுதுக" என்றார்கள்.

எழுதலாம். ஆனால் அறிவுரை எதுவும் என்னிடம் கைவசம் இல்லை. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு முகத்தைச் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

நான் நெய்க்காரப்பட்டிக்காரி. பதினைந்து வயதில் வெளியூர் மதரஸா ஒன்றில் சேர்ந்து ஏழு வருடம் ஓதினேன். ஹாஃபிழாவாக, அதாவது குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவளாக வெளியே வந்தேன். கல்யாணமாகித் திண்டுக்கல் பேகம்பூருக்கு வந்த இரண்டாம் மாதமே வேலை கிடைத்தது. முதல் நாள் வகுப்பில் "ஓதுங்க கண்ணு" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏற்கெனவே ஒரு பெரிய உஸ்தாபி இருந்ததால் நான் சின்ன உஸ்தாபி ஆனேன். ஓய்வு பெறும்வரை அந்தப் பேர் போகவே இல்லை. அறுபது வயதுக் கிழவியைச் சின்ன உஸ்தாபி என்று கூப்பிடும் ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பெரிய உஸ்தாபியின் பெயர் கமருன்னிஸா. ஒல்லியான உடம்பு, குரல் அதைவிட ஒல்லி. ஒரு தடவைகூட அவர் அதட்டி நான் கேட்டதில்லை. சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளிடம் பாடம் கேட்பார். இடப்பக்கம் ஒருத்தி ஒரு சூராவிலிருந்து, அதாவது அத்தியாயத்திலிருந்து, ஓதிக்கொண்டிருப்பாள். வலப்பக்கம் இன்னொருத்தி வேறெங்கோ ஓதிக்கொண்டிருப்பாள். எனக்கு ஒருத்தியிடம் கேட்பதற்கே நெற்றி வேர்க்கும். பிள்ளை தடுக்கினால் அவர் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். காத்திருப்பார். பிள்ளை திரும்ப நாலு வசனம் பின்னால் போய் ஓடி வருவாள், மறுபடியும் அதே இடத்தில் நிற்பாள். அப்போதும் காத்திருப்பார். மூன்றாம் தடவைதான் ஒரே ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார். கொடுத்த கையோடு அந்தப் பிள்ளையின் குர்ஆனை வாங்கி, தடுக்கிய இடத்தைப் பென்சிலால் வட்டம் போடுவார். மூன்று வாரம் அதே இடத்தில் தப்பு வராவிட்டால் ரப்பரை எடுத்து அவரே அழிப்பார்.

இந்த வட்டங்களால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே பிரதி என்ற கட்டளை வந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சேரும் அன்று ஆளுக்கு ஒரு குர்ஆன் கொடுப்போம். பக்கத்துக்குப் பதினைந்து வரி. எந்தப் பக்கமும் ஒரு வசனத்தின் முடிவில்தான் முடியும். குர்ஆனின் முப்பது பாகத்தையும் முடிக்கும்வரை அதே பிரதி. கிழிந்தால் பைண்டிங் செய்துகொள்ளலாம், மாற்றக் கூடாது. ஹஜ்ஜுக்குப் போன மாமா மக்காவிலிருந்து தங்க ஓரம் போட்ட குர்ஆன் கொண்டுவந்தார் என்று ஒரு பிள்ளை ஆசையாகத் தூக்கி வந்தாள். பெரிய உஸ்தாபி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு, "வீட்ல வச்சு ஓதுமா. இங்க பழசக் கொண்டா" என்று திருப்பிக் கொடுத்தார். காரணம் கேட்டேன்.

"நாக்கு மட்டும் ஓதலம்மா மைமூன். கண்ணும் ஓதுது. வலது பக்கத்துல, கீழ இருந்து மூணாவது வரின்னு கண்ணு புடிச்சு வச்சுக்கும். நாக்கு அது பின்னாடியே போகும். வரிய மாத்திட்டா ரெண்டும் வேற வேற பக்கம் போயிரும்."

சரி என்று தலையாட்டினேன். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டளையைக் காவல் காத்ததும் நான்தான். பையைச் சோதித்து, வேறு அச்சுக் குர்ஆன் வைத்திருந்த பிள்ளைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கொரோனா வந்தபோது மதரஸாவைப் பூட்டினார்கள். மனப்பாடம் என்பது நாலு நாள் கேட்காவிட்டால் கைநழுவும் சங்கதி. என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த பெரிய உஸ்தாபி போன் போட்டார். வகுப்பை நாளையிலிருந்து போனில் ஆரம்பிக்கிறோம் என்றார். நான் இழுத்தேன். பிள்ளை பார்த்து ஓதினால் நமக்கு எப்படித் தெரியும், வீடியோ என்றால் பெற்றவர்கள் ஒப்புவார்களா, குர்ஆன் தெரியும் போனைத் தொடக் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வேண்டுமா வேண்டாமா என்று அடுக்கினேன்.

"பாடம் கேக்க நமக்குக் காதுதான வேணும்? அது போன்ல இருக்கு. மத்தத ஒவ்வொண்ணா பாப்போம்" என்றார்.

அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீடியோ கிடையாது, குரல் மட்டும். பதிவு செய்யக் கூடாது. பார்த்து ஓதுகிறாளோ என்று சந்தேகம் வந்தால் சட்டென்று வேறொரு பாகத்திலிருந்து ஒரு வசனத்தைச் சொல்லி, அங்கிருந்து ஓதச் சொல்ல வேண்டும். பக்கத்தைத் தேட நேரமிருக்காது. கன்னிவாடியில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் சிக்னல் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் நின்று ஓதுவாள். மோட்டார் ஓடினால் பாடம் நிற்கும். கரண்ட் போனால் பாடம் நடக்கும். ஊரில் கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்டவர்கள் நானும் அவளும்தான்.

அந்த நாட்களில் பெரிய உஸ்தாபி ஒவ்வொரு பிள்ளையிடமும் சலாம் சொன்னதும் முதலில் கேட்டது, "உன் பிரதி கையில இருக்கா?" என்பது. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல ஒரு விசாரிப்பு என்று நினைத்தேன். பிரதியை மதரஸாவிலேயே விட்டுப் போன மூன்று பேருக்குப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். ஒரு பாகத்துக்கு இருபது பக்கம். முணுமுணுத்துக்கொண்டே நான்தான் பிடித்தேன். ஆயிரம் செயலி இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மதரஸா மறுபடி திறந்த பிறகும் போன் வகுப்பை அவர் நிறுத்தவில்லை. கல்யாணமாகிப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள் என்று பாதியில் விட்ட பெண்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். பிறகு முட்டி வலியும் கண் புரையும் சேர்ந்து அவரை வீட்டோடு உட்காரவைத்தன. போன் வகுப்பு என் கைக்கு வந்தது. அப்படித்தான் ரிஸ்வானாவும் வந்தாள்.

ரிஸ்வானா வேடசந்தூர்ப் பெண். எங்களிடம் நாலு வருடம் ஓதிப் பதினெட்டுப் பாகம் முடித்திருந்தாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தது. பிள்ளை பிரதியை மதரஸா அலமாரியில் வைத்துவிட்டு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். காலை ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் வீடு வந்து, மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்வாள். மீதி பன்னிரண்டு பாகத்தையும் முடித்து, வேடசந்தூரிலேயே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முழுக் குர்ஆனையும் ஒரே நாளில் ஒப்பித்து, சனது என்னும் சான்றிதழை வாங்க வேண்டும்.

ஆரம்பத்திலேயே அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். மாதத்தில் தொழுகை இல்லாத நாட்களில் நாங்கள் குர்ஆன் பிரதியைத் தொடுவதில்லை, வாய்விட்டு ஓதுவதுமில்லை. அந்த ஏழு நாளும் பாடம் கலைந்துபோகிறது, என்ன செய்வது என்று கேட்டாள். போனில் செயலியைத் திறந்து கண்ணால் மட்டும் பார்த்துக்கொள் என்றேன். அது சரியான பதில்தான். அடுத்த வாரம், "பஸ்ல போறப்பவும் போன்லயே பாத்துக்கவா உஸ்தாபி? ஒரு மணி நேரம் சும்மாதான உக்காந்திருக்கேன்" என்றாள். "தாராளமா பாரும்மா" என்றேன். காலத்துக்கு ஏற்ற உஸ்தாபியாகிவிட்ட பெருமை எனக்கு. எந்தச் செயலி, அதில் குர்ஆன் எப்படித் தெரிகிறது என்று கேட்கவில்லை. அலமாரியில் இருந்த அவள் பிரதியை எடுத்து அனுப்பவும் தோன்றவில்லை. பையில் வேறு அச்சு இருந்தால் வாசலிலேயே மறித்த எனக்கு, போனும் ஒரு பிரதிதான் என்று உறைக்கவில்லை. அது போன், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

ஐந்து பாகம் மளமளவென்று ஓடியது. கமிட்டிக் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பெருமையடித்தேன். அதன் பிறகு குலைய ஆரம்பித்தது. குர்ஆனில் ஒரே மாதிரித் தொடங்கும் வசனங்கள் பல இடங்களில் வரும். ஒரு நபியின் வரலாற்றில் இருந்துகொண்டு, தெரியாமலே இன்னொரு நபியின் வரலாற்றுக்குள் போய்விடலாம். ரிஸ்வானா அப்படித் தாவினாள். முதலில் புதிய பாகங்களில். பிறகு, மதரஸாவில் நான் கேட்டு ஒரு பென்சில் வட்டம்கூட இல்லாமல் ஓதிய பழைய பாகங்களிலும். ஓதிக்கொண்டே வருவாள், நிற்பாள், "இது எங்க இருக்குன்னு தெரியல உஸ்தாபி" என்பாள். மறந்துவிட்டது என்று அவள் சொல்லவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றுதான் சொன்னாள். அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் திட்டினேன். அதட்டியே பழகாத பெரிய உஸ்தாபியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு திட்டினேன். கவனம் மில்லில் இருக்கிறது என்றேன். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாயே, யாருடன் பேச்சு என்று கேட்டேன். ஒருநாள் அவள் அழுதபோது, "பாவம் செஞ்சாத்தான் ஓதுனது மறக்கும். உன்னையே கேட்டுப் பாரு" என்றேன். மனப்பாடம் செய்கிறவர்களிடையே அப்படி ஒரு பேச்சு உண்டு. ஒவ்வொருவரும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய பேச்சு அது. நான் அதை எடுத்து ஒரு இருபது வயதுப் பிள்ளையின் மேல் எறிந்தேன்.

மறு வாரத்திலிருந்து அவள் போன் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக, "மாணவியின் கவனக்குறைவால் நிறுத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசு உறுத்தவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏழு மாதம் போயிருக்கும். பெரிய உஸ்தாபிக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. பார்க்கப் போனேன். பழைய பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக விசாரித்துக்கொண்டு வந்தவர் ரிஸ்வானாவிடம் வந்தார். நல்ல பிள்ளை, கெட்டுப்போனாள் என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எந்தக் குர்ஆன்ல ஓதுனா?"

"போன்லதான்."

"அது சரி. போன்ல எந்தக் குர்ஆன்? பக்கத்துக்கு எத்தன வரி?"

 பிள்ளைகள் பெரும்பாலும் வைத்திருந்த செயலி என் போனிலும் இருந்தது, திறந்தேன். ஒரு வசனம், கீழே தமிழ் அர்த்தம், அடுத்த வசனம், மறுபடி அர்த்தம். விரலால் தள்ளத் தள்ள ஓடிக்கொண்டே இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வேறிடத்தில் உடைந்தது. அவர் ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தார்.

"பக்கம் எங்கம்மா இதுல?"

பக்கம் இல்லை. மேல் இல்லை, கீழ் இல்லை, வலம் இடம் இல்லை. அந்தப் பிள்ளையின் கண் பிடித்து வைத்துக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. பழைய பாகங்களையும் அவள் இதில்தான் புரட்டியிருக்க வேண்டும். பதினெட்டுப் பாகமும் கண்ணில் பதிந்திருந்த வரிகளை நானே கலைத்துவிட்டேன்.

"போன் மேல பழியப் போட்டுறாத மைமூன். நம்ம பதினஞ்சு வரிய அப்படியே பக்கம் பக்கமா காட்டுற செயலியும் இருக்கு. நீ கேக்கல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாளே அலமாரியிலிருந்து ரிஸ்வானாவின் பிரதியை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வேடசந்தூருக்குப் பஸ் ஏறினேன். அவள் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். முக்காட்டு ஓரத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவள் அத்தா எழப் பார்த்து, முடியாமல், படுத்தபடியே சலாம் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை. பிரதியை அவள் கையில் கொடுத்து, பன்னிரண்டாம் பாகத்தில் ஒரு வசனத்தைச் சொல்லி, இது எங்கே என்று கேட்டேன்.  மெதுவாகப் புரட்டினாள், பிறகு வேகமாக. அந்தப் பக்கத்துக்கு வந்ததும் விரல் தானாக இடப்பக்கம் மேலிருந்து நாலாவது வரியில் போய் நின்றது. அங்கிருந்து பக்கத்தின் கடைசிவரை பிரதியை மூடிக்கொண்டு ஓதினாள். ஒரு தாவலும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். போனில் வரி மாறியதை, நான் கேட்காமல் விட்டதை, கேட்டிருக்க வேண்டியவள் நான்தான் என்பதை.

"அப்ப நான் பாவம் எதுவும் பண்ணலையா உஸ்தாபி?" என்றாள்.

"இல்லம்மா. தப்பு என் மேலதான்."

கட்டில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அத்தாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "எங்கத்தாவுக்கு ரெண்டாவது ஆபரேஷன் சரியா வரல. அதுவும் என்னாலதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அம்புட்டு நாளும் அப்படித்தான் நெனச்சேன்."

 மன்னித்துக்கொள் என்றேன். மறுபடி வகுப்புக்கு வா என்றேன். அவள் எழுந்துபோய் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஓதுறேன். உங்ககிட்ட ஓத மாட்டேன்" என்றாள்.

மதரஸாவுக்கு வந்து பதிவேட்டை எடுத்தேன். நான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்து, "மாணவியின் கவனக்குறைவு அல்ல, உஸ்தாபியின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கமிட்டிச் செயலாளர் நல்ல மனுஷன். "வாயால சொன்னாப் போதும்ல, எழுத்துல எதுக்கு?" என்றார். முதலில் எழுத்தில்தானே போட்டோம் என்றேன். 

ரிஸ்வானா பெரிய உஸ்தாபியிடம் ஓத ஆரம்பித்தாள். போனில்தான். பிரதி வீட்டில், அதே பதினைந்து வரி போனில். செயலியைத் தேடிப் பிடித்து இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்த்தவள் நான். ஒப்பிட்டதை அவள் தோழி ஒருத்தி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். பெரிய உஸ்தாபிக்கு அப்போது விரல் நடுங்கும், போனில் பச்சை எது சிவப்பு எது என்று தெரியாது. அதனால் தினமும் மூன்று மணிக்கு நான் அவர் வீட்டுக்குப் போய், போனை எடுத்து அவர் காதருகே பிடித்துக்கொண்டு உட்காருவேன். நான் இருப்பது ரிஸ்வானாவுக்குத் தெரியும். எனக்கும் சேர்த்து ஒரு சலாம் சொல்வாள், அதற்கு மேல் பேச்சு இல்லை. தப்பு வந்தால் எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கும் உரிமை அவள் யாரிடம் ஓதுகிறாளோ அந்த உஸ்தாபிக்கு மட்டும்தான். என் நாக்கு நுனிவரை சொல் வந்து நிற்கும். வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஒன்பது மாதம் அப்படி இருந்தேன். முப்பத்தைந்து வருட வேலையில் மற்ற எதையும் நான் இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்ததில்லை.

முழுக் குர்ஆனையும் ஒப்பிக்கும் நாள் வந்தது. விடிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் மதரஸா ஹாலில் ஆரம்பித்தாள். அவள் அத்தாவை வேன் வைத்துக் கூட்டி வந்து துணித் திரைக்கு அந்தப் பக்கம் படுக்கவைத்திருந்தார்கள். பெரிய உஸ்தாபி நாற்காலியில், ரிஸ்வானா அவர் காலடியில், நான் பின்வரிசையில் பிள்ளைகளோடு. மதியத் தொழுகையான ளுஹருக்குள் பதினாறு பாகம் முடிந்தது. தொழுது, கஞ்சி குடித்து, மறுபடி உட்கார்ந்தாள். பத்தொன்பதாம் பாகத்தில் ஒரு நபியின் வரலாறு முடியும் இடத்தில் நின்றாள். பின்னால் போய் ஓடி வந்தாள், மறுபடி நின்றாள். பெரிய உஸ்தாபி காத்திருந்தார். மூன்றாம் தடவையும் அவள் அங்கேயே நின்றபோது, அவர் எடுத்துக் கொடுக்காமல் தலையைத் தூக்கி ஹாலின் பின்பக்கம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரிஸ்வானா கண்ணைத் திறக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"சின்ன உஸ்தாபி, நீங்க எடுத்துக் குடுங்க" என்றாள்.

 நிமிர்ந்து அந்த ஒரு சொல்லைச் சொன்னேன். அவள் அதை வாங்கிக்கொண்டு மேலே ஓதினாள்.